சட்டமூலமும் கருவாட்டு வாடியும்

உரைபெயர்ப்பாளர் தொழிலில் ஏச்சு இரண்டு தரம் கேட்கும்: ஒருமுறை அடுத்தவர் வாயால், மறுமுறை நம் வாயாலேயே. நீங்களும் எப்போதாவது ஒரு மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, ஆறிப்போன தேநீரைக் குடித்து, 'மக்கள் கருத்து' கேட்கப்பட்டவர் என்றால் என் பாடு உங்களுக்கு விளங்கும். உங்களுக்காவது அந்தக் கூட்டம் ஒருமுறைதான் நடந்தது. எனக்கு அது சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.

நான் புத்தளத்தில் பிறந்தவள். உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். சிங்களம் எனக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி வந்தது, சான்றிதழெல்லாம் பிறகுதான். காணிப் பிணக்கு, பொலிஸ் முறைப்பாடு, வைத்தியசாலை என்று யார் கூப்பிட்டாலும் போவேன். புதிய கடற்றொழில் சட்டம் ஒன்றுக்கு வரைவு தயாராகியிருக்கிறது, கரையோர மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறோம், வருகிறீர்களா என்று அமைச்சிலிருந்து கேட்டபோது உடனே ஓமென்று சொல்லிவிட்டேன். சட்டம் என்பது எங்கேயோ ஒரு பெரிய கட்டடத்துக்குள் பிறந்து வளர்ந்து, நம் வாசலுக்கு வரும்போது முழு ஆளாகவே வரும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதைக் குழந்தையாகப் பார்க்கக் கிடைக்கிறது என்றால் யார்தான் விடுவார்கள்?

காற்றுக் காலத்தில் ஒரு கூட்டம்

முதல் கூட்டம் கண்டக்குழியில். அங்கே காற்றுக் காலம் தொடங்கிவிட்டால் கடல் ஒருவருக்கும் இடம் கொடுக்காது. ஆண்கள் படகையும் வலையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய், அங்கே வாடி என்ற ஓலைக் குடிசை போட்டுத் தொழில் செய்வார்கள். நடுவில் தலவில மாதா கோயில் திருநாளுக்கு வந்து முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பவும் போய்விடுவார்கள். கற்பிட்டிப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் இது தெரியும். கொழும்பில் இருந்து கூட்டத்துக்குத் திகதி போட்டவருக்கு மட்டும் தெரியவில்லை. மழையில்லாத மாதம், வாகனம் புதையாது என்று நினைத்திருப்பார், பாவம்.

அமைச்சிலிருந்து வந்த சட்ட அதிகாரியின் பெயர் நிமால். எல்லாருக்கும் நிமால் சேர். குரலை உயர்த்தாத மனிதர். வரைவை ஒவ்வொரு பக்கமாகப் படித்து, ஓரங்களில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கதிரை நிறைய ஆட்கள் இருந்தார்கள், ஆனால் அத்தனையும் பெண்கள். கடற்றொழிலாளர்கள் எங்கே என்று கேளுங்கள் என்று என் காதருகே சொன்னார். கேட்டேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழும்பினாள். பெயர் யசிந்தா. வேலையை இடையில் விட்டுவிட்டு வந்திருந்தாள் என்பது முழங்கையில் காய்ந்திருந்த உப்பைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் கோபமாகச் சொல்லவில்லை, வழி கேட்டவருக்கு வழி சொல்வதைப் போலத்தான் சொன்னாள்: "இப்ப இந்தக் கரையில இருக்கிறது நாங்களும், நாயளும், காத்துக்குப் பட்டம் விட வந்த வெள்ளைக்காரரும்தான். யாரிட்டக் கேக்கப் போறீங்க சேர்?"

கடைசிப் பக்கம்

நிமால் சேர் அந்தப் பெண்களிடமே கேட்பதென்று முடிவு செய்தார். வந்த பயணம் வீணாகக் கூடாது என்று நினைத்தாரோ, இல்லை உண்மையிலேயே கேட்க ஆசைப்பட்டாரோ, எனக்குத் தெரியாது. அவர் ஒவ்வொரு பிரிவாகச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். நடுவில் மின்சாரம் போய் ஒலிவாங்கி செத்துவிட்டது. பெண்கள் கதிரைகளை இழுத்துக்கொண்டு எங்களைச் சுற்றி இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கூட்டம் உண்மையான கூட்டமாக நடந்தது என்பேன்.

சட்டங்களின் கடைசிப் பக்கத்தில் 'பொருள்கோடல்' என்று ஒரு பிரிவு உண்டு. உள்ளே வரும் சொற்களுக்கெல்லாம் அர்த்தம் சொல்லும் இடம். பொதுவாக அந்தப் பக்கத்துக்கு வரும்போது பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள், மீதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள். இந்த வரைவின்படி கடற்றொழிலாளர் என்றால் மீன் பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர். யசிந்தா அதைத் திரும்ப ஒருமுறை படிக்கச் சொன்னாள். பிறகு இறங்குதுறைக் கரையை யார் யார் பாவிக்கலாம் என்ற பிரிவையும் படிக்கச் சொன்னாள். பதிவுசெய்த கடற்றொழிலாளர் மட்டும் என்று அதில் இருந்தது.

அவள் கதையைக் கேட்டபோதுதான் எனக்கு அந்த இரண்டு வரியின் பாரம் விளங்கியது. புருசன் அந்தோனி கடலட்டை பிடிக்கக் கடலடியில் சுழியோடியவர். ஒருநாள் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்துவிட்டார். அந்த அழுத்தத்தில் கால்கள் இயங்காமல் போய்விட்டன. படகை விற்றார்கள், கடற்றொழிலாளர் சங்கத்தில் அவர் பெயரும் போனது. இப்போது வீடு ஓடுவது, கரையில் மீனைக் காய வைக்கும் யசிந்தாவின் கருவாட்டு வாடியில்தான். அந்த இடம் ஒருகாலம் அந்தோனிக்குச் சங்கம் ஒதுக்கிக் கொடுத்தது. பக்கத்தில் எழும்பியிருக்கும் விடுதியின் சொந்தக்காரர் கருவாட்டு மணம் தாங்க முடியவில்லை என்று முறையிட்டுக்கொண்டே இருக்கிறார். இந்த வரைவு இப்படியே சட்டமானால், பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பு என்று அவளிடம் யாரும் சொல்லலாம். கருவாடு போடுவது பதனிடும் கைத்தொழிலில் சேரும், அதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது என்று நிமால் சேர் பொறுமையாக விளக்கினார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு யசிந்தா கேட்டாள்: "மீன் கடல்ல பிடிபட்டாத் தொழில், கரையில காஞ்சாத் தொழில் இல்லையோ சேர்?"

சிலாபத்தில் எனக்கு வேலையில்லை

அடுத்த கூட்டம் சிலாபத்தில், மீன் சந்தைக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில். வந்தவர்கள் பெரும்பாலும் படகு முதலாளிமார். ஒருவர் தமிழில் தொடங்கிய வசனத்தைச் சிங்களத்தில் முடித்தார். அடுத்தவர் சிங்களத்தில் கேட்ட கேள்விக்கு மூன்றாமவர் தமிழில் பதில் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் விஷயம் அடுத்த பிரிவுக்குப் போய்விடும்.

கடைசிப் பக்கம் வந்தபோது நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தேன். கடற்றொழிலாளர் யார் என்ற வரியை நிமால் சேர் படித்தார். ஒரு கேள்வியும் வரவில்லை. அந்த மண்டபத்தில் இருந்த எல்லாரிடமும் படகு இருந்தது. தான் யார் என்ற சந்தேகம் அவர்களில் ஒருவருக்கும் வரக் காரணமில்லை. கண்டக்குழிக் கூட்டத்துக்குத் திகதி சரியாகப் போட்டிருந்தால் அங்கேயும் இதே கதைதான் நடந்திருக்கும். ஆண்கள் முன்வரிசையில் இருந்திருப்பார்கள், யசிந்தா வாடியில் மீன் வெட்டிக்கொண்டு இருந்திருப்பாள். ஒரு பிழையான திகதிக்காக ஒரு அரசாங்கக் கந்தோரை மனதுக்குள் வாழ்த்தியது அன்றைக்குத்தான். நான் சும்மா இருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த ஒரு முதலாளிக்கு மனம் பொறுக்கவில்லை. "நீங்க ஆறுதலாத் தேத்தண்ணியைக் குடிங்க மிஸ், எந்த இடத்துல பாஷை மாறுதெண்டு எங்களுக்கே தெரியாது."

ஜும்ஆவுக்குப் பிறகு

பள்ளிவாசல்துறைக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை வைத்தார்கள். திகதி போட்டவர் கொழும்பில் அதே ஆள்தான் என்று நினைக்கிறேன். பதினொன்றரை மணிக்கெல்லாம் ஆட்கள் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஹனிபா நானா ஒருவர்தான் நின்ற இடத்தில் நின்று கதைத்தார். களப்பில் இறால் பிடிக்கிறவர். கண்டல் காட்டை வெட்டினால் இறால் எங்கே குஞ்சு வளர்க்கும் என்பதில் தொடங்கி, வலைக் கண்ணின் அளவு, இறால் பண்ணைகளிலிருந்து களப்புக்குள் வந்து விழும் தண்ணீர் என்று அரை மணித்தியாலம் போனது. எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு இல்லை. பள்ளியில் தொழுகைக்கு வாங்கு சொன்னவுடன் மண்டபம் காலியாகிவிட்டது.

தொழுகை முடிந்து திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான். நேரே குறிப்பெடுத்த உத்தியோகத்தரிடம் போய், நான் சொன்னதை என்னவென்று எழுதினீர்கள், காட்டுங்கள் என்றார். அந்தப் பொடியன் சங்கடத்தோடு தாளைத் திருப்பிக் காட்டினான். சிங்களத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அதை நான்தான் அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று: மீனவர்கள் தமது கருத்துகளைத் தெரிவித்தனர்.

நிமால் சேருக்கு வெட்கமாகப் போய்விட்டது. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, ஒரு சட்டம் போகும் வழியை முழுதாக அன்றைக்குத்தான் சொன்னார். கருத்துக் கேட்ட பிறகு வரைவைத் திருத்துவார்கள், அமைச்சரவைக்குப் போகும், அரசாங்க வர்த்தமானியில் அச்சாகி வெளிவரும், பிறகு பாராளுமன்றம். அது அரசியலமைப்புக்கு முரண் என்று நினைக்கும் எந்தப் பிரஜையும், பாராளுமன்றத்தில் வைத்த பிறகு குறித்த சில நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்கே போகலாம். ஆனால் வரைவாக இருக்கும்போதே எழுத்தில் கொடுப்பது எல்லாவற்றையும் விட லேசு. தமிழில் எழுதினாலும் ஏற்க வேண்டும், முத்திரை குத்திக் கோப்பில் போட வேண்டும், யாரும் ஒரே வரியாகச் சுருக்க முடியாது. ஹனிபா நானா தாடியைத் தடவிக்கொண்டு கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "வாயால கதைச்சதெல்லாம் காத்தோட போயிட்டு. இனிமே கடுதாசிலதான் கோவிக்கணும், என்ன மகள்?"

எல்லாருக்கும் சேர்த்து ஒன்று

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியிலேயே யசிந்தாவுக்குக் கோல் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும், அப்படியென்றால் நீங்களே வந்து எழுதித் தாருங்கள் மிஸ் என்றாள். எனக்குத் தயக்கமாக இருந்தது. நடுவில் நிற்பவள் ஒரு பக்கம் சாயக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். நிமால் சேரிடமே கேட்டேன். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் நீங்களும் ஒரு பிரஜைதானே என்றார். அவ்வளவு காலமும் ஆயிரம் பேரின் கருத்தைச் சொல்லியிருக்கிறேன், எனக்கும் ஒன்று இருக்கலாம் என்று எனக்கே தோன்றியதில்லை.

பௌர்ணமிப் போயா லீவுக்கு யசிந்தாவின் வாடியில் கூடினோம். சுற்றிவரப் பாய்களில் கட்டாவும் சாளையும் காய்ந்துகொண்டிருந்தன. நான் பேனாவைத் திறந்ததுதான் தாமதம், ஒருத்தி தண்ணீர்க் குழாய் வேண்டும் என்றாள், ஒருத்தி பாதை, இன்னொருத்தி விடுதிக்காரனின் நாயைக் கட்டச் சொல்லி எழுதுங்கள் என்றாள். சட்டத்தில் நாய் வராது என்றேன். பிறகு எதற்குச் சட்டம் என்று கேட்டாள். இப்படியே போனால் மீன் காய்ந்துவிடும், கடிதம் முடியாது என்று நான் பயந்தேன்.

அங்கே வெரோனிக்கா அக்கா என்று ஒருவர் இருந்தார், யசிந்தாவைவிட மூத்தவர். முன்பு அவருடைய பாய்களும் அதே கரையில்தான் கிடந்தன. விடுதி மதில் கட்டியபோது அந்த இடம் மதிலுக்கு உள்ளே போய்விட்டது. இப்போது படகுக்கு வந்து மீன் வாங்கி, றோட்டுக்கு அந்தப் பக்கம் தன் வீட்டு முற்றத்தில் தறப்பாளை விரித்துக் காய வைக்கிறார். அதுவரை பாயில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, பூசையில் மன்றாட்டு வாசிக்கிற குரலில் தீர்ப்புச் சொன்னார். எல்லாரும் அடங்கினார்கள். பிடித்த மீனை வெட்டி, உப்பிட்டு, காய வைப்பதைத் தொழிலாகக் கொண்டவரையும் கடற்றொழிலாளராக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு கடிதம் முடிந்தது. வெரோனிக்கா அக்கா சொன்னது இதுதான்: "கோயில்ல எல்லாருக்கும் சேத்து ஒரு மன்றாட்டு வைப்பம், என்ன? அப்பிடி ஒண்டு எழுதுங்க மிஸ். வீட்டுக் கரைச்சலை அவங்கவங்க முழங்கால்ல நிண்டு கேட்டுக்கொள்ளுவம்."

இந்தக் கந்தோருக்கு யாரும் கேட்டு வராதது

கடிதத்தை அமைச்சுக்குத் தபாலில் போட்டோம், சட்டப்படி அதுவே போதும். ஆனால் பின்னாலிருந்து கேட்க ஒரு ஆள் இருந்தால்தான் கடிதம் நகரும் என்று ஊரெல்லாம் சொன்னதால், பிரதி ஒன்றைப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கும் கொடுக்கச் சிலாபத்துக்குப் போனோம். யசிந்தா, வெரோனிக்கா அக்கா, நான். வெறுங்கையோடு ஒருவரைப் பார்க்கப் போவது கண்டக்குழியில் மரியாதையில்லை. யசிந்தா நல்ல கட்டாக் கருவாட்டில் ஒரு பார்சல் கட்டி, கடிதமும் அதுவும் ஒரே பையில் இருக்கக் கொண்டு வந்திருந்தாள். இது இலஞ்சமாகிவிடும் என்று பஸ்ஸில் சிலாபம் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் கேட்கவில்லை. இதற்கு அவர் என்ன செய்து தரப்போகிறார், நாங்கள் இன்னும் ஒன்றும் கேட்கவில்லையே என்றாள்.

உறுப்பினர் கொழும்பில். கந்தோரில் அவருடைய செயலாளராக ஒரு தம்பி இருந்தார். வாசலில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்ததும் நிமிர்ந்து பார்க்காமலே வீடா, வேலையா, இடமாற்றமா என்று கேட்டார். கடற்றொழில் சட்ட வரைவின் பொருள்கோடல் பிரிவு என்றேன். பேனா நின்றது. பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அது மேசைக்கு வருமுன் அதன் மணம் வந்துவிட்டது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. கடிதத்தை முழுதும் வாசித்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வைத்துத் தந்தார். கருவாட்டுப் பார்சலை மட்டும் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டார், யசிந்தாவுக்கு அதில் இன்றைக்கும் கோபம். நாங்கள் எழும்பி வரும்போது அவர் சொன்னார்: "வேலை கேட்டு வந்திருக்கிறாங்க, கூரைத் தகரம் கேட்டு வந்திருக்கிறாங்க. சட்டம் கேட்டு வந்த முதல் ஆக்கள் நீங்கதான் அக்கா."

எங்கே கோடு கிழிப்பது

எழுத்தில் கருத்துத் தந்தவர்களில் சிலரைக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். யசிந்தாவின் பெயரும் இருந்தது. துணைக்கு வெரோனிக்கா அக்கா, உரைபெயர்க்க நான். சிலாபத்திலிருந்து ரயிலில் போனோம். அமைச்சில் நீளமான மேசை, குளிர் அறை. வெளியே மர வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர் யாரென்று பார்த்தால், யசிந்தாவின் வாடிக்குப் பக்கத்து விடுதிக்காரர். அவரும் எழுதியிருக்கிறார், அவரும் பிரஜை. எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு யோசித்தால், வழி திறந்தால் எல்லாரும்தானே வருவார்கள். அவர் பிஸ்கட் பக்கெட்டை நீட்டினார். யசிந்தா ஒன்று எடுத்துக்கொண்டாள்.

உள்ளே குழுவுக்குத் தலைமை தாங்கிய அம்மா யசிந்தாவின் கடிதத்தைப் படித்திருந்தார். கேட்டதும் நியாயமான கேள்விதான். கருவாடு போடுபவரும் கடற்றொழிலாளர் என்றால், அதை வாங்கி விற்கும் கடைக்காரரும் நாளைக்கு வந்து நிற்பார், அவரையும் சேர்ப்பதா? எங்கேயாவது ஒரு கோடு கிழிக்க வேண்டும். கரையில் வைத்துச் செய்பவர் என்று எழுதினால் உங்களுக்குப் போதுமா என்று கேட்டார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். யசிந்தாவுக்குச் சிங்களம் தெரியும், நான் சொல்லுமுன்பே அவளுக்கு விளங்கியிருக்கும். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் அவளுடைய வாடி தப்பியது. பின்னால் சுவரோரம் இருந்த வெரோனிக்கா அக்காவின் முற்றம் கரையில் இல்லை. யசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கையிரண்டையும் மேசைக்குக் கீழே பிசைந்துகொண்டிருந்தாள். மற்றவர் சொல்லும் வரை காத்திருப்பதுதான் என் வேலை, ஆனால் அவ்வளவு பயத்தோடு நான் எந்தப் பதிலுக்கும் காத்திருந்ததில்லை. அவள் சந்தையில் பேசும் சிங்களத்தை விட்டுத் தமிழிலேயே சொன்னாள்: "கரையை வச்சுக் கோடு கிழிக்காதீங்க அம்மா, கரை வருசா வருசம் யாரோ ஒராளுக்குப் போகுது. கத்தியை வச்சுக் கிழிங்க. பச்சை மீனை வெட்டி உப்புப் போடுறவ தொழிலாளி, காஞ்சதை வாங்கி விக்கிறவர் வியாபாரி."

வர்த்தமானி

சட்டமூலம் வர்த்தமானியில் வந்த அன்று நிமால் சேர் அதை என் தொலைபேசிக்கு அனுப்பினார். நான் முன்பக்கங்களைப் பார்க்காமல் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய் எங்கள் வரியைத் தேடினேன். இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. உப்பு மணக்கும் ஒரு வாடியில் என் கையால் எழுதிய விஷயம் அரசாங்கத்தின் அச்சில் இருந்தது. மத்தியான பஸ்ஸில் ஏறிக் கண்டக்குழிக்குப் போனேன்.

வாடியில் எல்லாரும் கூடிவிட்டார்கள். அந்தோனியையும் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்தார்கள். சிங்களத்தில் இருந்ததை நான் தமிழில் படித்தேன்: பிடிக்கப்பட்ட மீனை இறங்குதுறையிலோ அதனை அண்டிய கரையிலோ வெட்டி, உப்பிட்டு, உலர்த்துவதைத் தொழிலாகக் கொண்டவரும் கடற்றொழிலாளரே. அந்தோனி யசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் அந்தக் கையை விடவுமில்லை, சிரிக்கவுமில்லை. என்னைப் பார்த்து அண்டிய கரை என்றால் எவ்வளவு தூரம் மிஸ் என்று கேட்டாள். அப்போதுதான் மற்றவர்களும் வெரோனிக்கா அக்காவைப் பார்த்தார்கள். அவருடைய முற்றம் றோட்டுக்கு அந்தப் பக்கம். அவரைப் போல மதிலுக்கு இடம் கொடுத்துவிட்டு வீட்டில் காய வைப்பவர்கள் ஊரில் இன்னும் பலர் இருந்தார்கள்.

நான் அங்கேயே நின்று நிமால் சேருக்குக் கோல் எடுத்தேன். யசிந்தா சொன்னது அப்படியே பதிவில் இருக்கிறது என்றார். ஆனால் வாசகத்தை எழுதியவர்கள் ஒரு இடம் குறிக்காமல் கடற்றொழில் பரிசோதகர்களால் வேலை செய்ய முடியாது என்று நினைத்து கரையைச் சேர்த்துவிட்டார்கள். இனி என்ன வழி என்று கேட்டேன். சட்டமூலம் பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு வரும்போது, பிரிவு பிரிவாக ஆராயும் குழுநிலையில் ஒரு உறுப்பினர் திருத்தம் கொண்டு வரலாம், அதற்கு யாராவது ஒருவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்றார். நடக்குமா என்று கேட்டேன். நடந்திருக்கிறது, நடக்காமலும் இருந்திருக்கிறது என்றார். அவர் சொன்னதை ஒரு சொல்லும் குறைக்காமல் கூட்டாமல் தமிழில் சொன்னேன். என் தொழிலில் அதைவிடக் கஷ்டமாக எதையும் சொன்னதில்லை.

யசிந்தா தலையைக் குனிந்துகொண்டு, நான் கரை வேண்டாம் என்றுதானே சொன்னேன் அக்கா என்றாள். தெரியும், நானும் அங்கே இருந்தேன்தானே என்றார் வெரோனிக்கா அக்கா. அவர் எப்படி உடைந்து போகப் போகிறாரோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ என் தொலைபேசியை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்தச் சிங்கள எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பிறகு பாயிலிருந்து எழும்பிச் சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். "இன்னும் பாராளுமன்றத்துக்குப் போகல்லத்தானே, அப்ப இது இன்னும் காயல்ல மிஸ். பச்சையா இருக்கேக்கதான் உப்பு ஏறும், நாளைக்குக் காலமை முதல் பஸ்ஸில சிலாபத்துக்கு, அந்தக் கந்தோருக்கே போவம்."

மக்கள் கருத்துக் கேட்க வந்தவர்கள் தங்கள் வேலை முடிந்ததென்று கொழும்புக்குப் போய்விட்டார்கள்; கருத்துச் சொன்னவர்களுக்கோ வேலை அன்றைக்குத்தான் தொடங்கியது.